மத்திய அரசு வேலையில் யார் யார் இருக்கிறார்கள்? பணியாளர் கணக்கைப் படித்துப் புரிந்துகொள்ள முழுமையான வழிகாட்டி

1.1.2016 நிலவரப்படி மத்திய அரசுப் பணியில் பட்டியல் சாதியினர் 17.49 சதவீதம், பழங்குடியினர் 8.47 சதவீதம், இதர பிற்படுத்தப்பட்ட வகுப்பினர் (ஓபிசி) 21.57 சதவீதம். நாடாளுமன்றத்தில் சொல்லப்பட்ட கணக்கு இது. இப்படி ஒரு வரி வெளியானதும் இரண்டு குரல்கள் கேட்கும். "பட்டியல் சாதிக்கு 15 சதவீதம்தானே ஒதுக்கீடு, அதற்கு மேலேயே வந்துவிட்டார்களே" என்பது ஒன்று. "ஓபிசிக்கான 27 சதவீதம் எங்கே, 21 எங்கே" என்பது இன்னொன்று. இரண்டுமே அவசரம். மொத்த சதவீதத்தை வைத்து ஓர் அலுவலகத்தின் உள்ளே யார் முடிவெடுக்கிறார்கள், யார் கோப்பு தூக்குகிறார்கள், யார் கழிவறை கழுவுகிறார்கள் என்று சொல்லிவிட முடியாது. எந்தப் படிநிலையில், எந்த வழியாக, எந்த ஆண்டில் வந்தவர்கள் என்று பிரித்துப் பார்த்தால்தான் உண்மை நிலை பிடிபடும்.

அப்படிப் பிரித்துப் பார்ப்பது எப்படி என்பதைத்தான் கீழே படிப்படியாக எழுதியிருக்கிறேன். போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள், சங்க வேலையில் இருப்பவர்கள், செய்தி எழுதுபவர்கள், தகவல் உரிமை மனு போடுபவர்கள் எல்லோருக்கும் இது பயன்பட வேண்டும் என்பது என் ஆசை.

தொடங்கும் முன் ஓர் எச்சரிக்கை. தமிழ்நாட்டின் 69 சதவீத இடஒதுக்கீட்டை இதில் கலக்காதீர்கள். மாநிலக் கணக்கில் பிற்படுத்தப்பட்டோர் 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்கள் 3.5, மிகவும் பிற்படுத்தப்பட்டோரும் சீர்மரபினரும் 20, பட்டியல் சாதியினர் 18 (இதற்குள் அருந்ததியர் 3), பழங்குடியினர் 1 என்று பிரிவுகள் வேறு, விகிதங்கள் வேறு. மத்திய அரசில் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் என்று தனிப் பிரிவு இல்லை. எல்லாம் ஓபிசி என்ற ஒரே குடைக்குள் வரும். சாதிப் பட்டியலும் வேறு.

படி 1: கணக்கில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை

'மத்திய அரசு ஊழியர்' என்று பொதுவாகச் சொல்கிறோம். வங்கி ஊழியரையும் ராணுவ வீரரையும் மத்தியப் பல்கலைக்கழகப் பேராசிரியரையும் சேர்த்தே நினைக்கிறோம். அரசின் கணக்கு அப்படியில்லை. அமைச்சகங்களிலும் அவற்றின் கீழுள்ள அலுவலகங்களிலும் நேரடியாக வேலை பார்க்கும் சிவில் ஊழியர்கள்தான் இந்த எண்ணில் வருவார்கள். முப்படை வீரர்கள் இதில் இல்லை. பொதுத்துறை நிறுவனங்கள், பொதுத்துறை வங்கிகள், தன்னாட்சி நிறுவனங்கள் ஆகியவற்றுக்குத் தனித்தனிக் கணக்கு உண்டு. கிராமப்புற அஞ்சல் ஊழியர்கள் இரண்டு லட்சத்துக்கும் மேல் இருக்கிறார்கள். ஊர் மக்கள் கண்ணுக்கு அவர்கள்தான் மத்திய அரசு, ஆனால் முறையான ஊழியர் எண்ணிக்கையில் அவர்களுக்கு இடமில்லை.

உள்ளே இருப்பவர்களிலும் ரயில்வே, உள்துறை, பாதுகாப்புத் துறையின் சிவில் பிரிவு, அஞ்சல், வருவாய்த் துறை ஆகிய ஐந்தும் சேர்ந்தே மொத்த ஊழியர்களில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வந்துவிடும். உள்துறைக் கணக்கில் பெரும் பகுதி துணை ராணுவப் படைகள். ஆகவே மொத்த சதவீதம் என்று நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் ரயில்வேயும் துணை ராணுவமும் எப்படி இருக்கின்றன என்பதைத்தான். டெல்லியில் கொள்கை வகுக்கும் ஒரு சிறிய அமைச்சகத்தின் நிலைமை அந்த எண்ணில் காணாமல் போய்விடும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். எத்தனை அமைச்சகங்கள் விவரம் கொடுத்தன என்பது பதிலிலேயே இருக்கும். மேலே சொன்ன 2016 கணக்கு 78 அமைச்சகங்களும் துறைகளும் கொடுத்த விவரம். ஓர் ஆண்டில் 78, இன்னோர் ஆண்டில் அதைவிடக் குறைவு என்றால் இரண்டையும் பக்கத்தில் வைத்து 'கூடியது, குறைந்தது' என்று சொல்லக் கூடாது.

அப்புறம், ஒப்பந்த ஊழியர்களும் வெளிமுகமை மூலம் வருபவர்களும். 45 நாட்களோ அதற்கு மேலோ நீடிக்கும் தற்காலிக நியமனங்களுக்கு இடஒதுக்கீடு உண்டு என்பது விதி. ஆனால் முகமை வழியாக ஆள் எடுக்கும்போது அந்த ஆட்கள் முகமையின் ஊழியர்களாகிவிடுகிறார்கள். காவலர், ஓட்டுநர், தரவுப் பதிவாளர், தூய்மைப் பணியாளர் என்று ஒரு காலத்தில் ஏழை வீட்டுப் பிள்ளை அரசு வேலைக்குள் நுழைந்த வாசல்கள் பலவும் இன்று இப்படித்தான் கைமாறிவிட்டன. இது எந்த சதவீதத்திலும் தெரியாது. என்னைக் கேட்டால் இன்று பேச வேண்டிய முதல் விஷயமே இதுதான்.

படி 2: அனுமதிக்கப்பட்ட இடமா, ஆள் இருக்கும் இடமா

1.3.2021 அன்று மத்திய அரசில் அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள் 40.35 லட்சம். பணியில் இருந்தவர்கள் 30.55 லட்சம். ஏறத்தாழ 9.79 லட்சம் இடங்கள் காலி. நிதி அமைச்சகத்தின் செலவினத் துறை ஆண்டுதோறும் வெளியிடும் ஊதியம், படிகள் குறித்த அறிக்கையில் உள்ள கணக்கு இது. நான்கில் ஒரு நாற்காலி காலியாக இருக்கும்போது, உட்கார்ந்திருப்பவர்களை மட்டும் எண்ணி எடுத்த விகிதம் எவ்வளவு தூரம் சரியாக இருக்கும்?

ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். 100 பணியிடங்கள் உள்ள ஒரு பிரிவு, ஓபிசிக்கு 27 இடம். 15 இடங்கள் காலி, அதில் 10 ஓபிசிக்கு உரியவை. பணியில் இருக்கும் 85 பேரில் ஓபிசி 17 பேர். ஆள் கணக்கில் 20 சதவீதம். அனுமதிக்கப்பட்ட இடத்தோடு ஒப்பிட்டால் 17 சதவீதம்தான். காலியிடம் கூடக்கூட வகுக்கும் எண்ணும் சேர்ந்தே சுருங்குவதால் இழப்பு பாதி மறைந்துவிடுகிறது.

ஒதுக்கீட்டு இடங்களுக்குத் தகுந்த ஆள் கிடைக்காவிட்டால் அவை பின்னடைவுப் பணியிடங்களாக அடுத்த ஆண்டுக்கு எடுத்துச் செல்லப்பட வேண்டும். 2000ஆம் ஆண்டின் 81ஆவது அரசியலமைப்புத் திருத்தம் இதற்குப் பாதுகாப்புக் கொடுத்தது. இந்தப் பின்னடைவு இடங்களைத் தனித் தொகுதியாகவே கருத வேண்டும், அந்த ஆண்டின் 50 சதவீத வரம்போடு சேர்த்துப் பார்க்கக் கூடாது. நேரடி நியமனத்தில் ஒதுக்கீட்டு இடத்தைப் பொது இடமாக மாற்றுவதற்கும் பொதுவான தடை இருக்கிறது. அதனால் எந்த அலுவலகத்தைப் பற்றிப் பேசினாலும் சதவீதத்தோடு பின்னடைவு எண்ணையும் கேட்டு வாங்குங்கள்.

படி 3: எந்த அளவுகோலோடு ஒப்பிடுகிறோம்

பட்டியல் சாதியினருக்கு 15, பழங்குடியினருக்கு 7.5 என்ற விகிதம் 1970 மார்ச்சில் வந்தது. அதற்கு முன் 12.5, 5 என்று இருந்தது. 1961 மக்கள்தொகைக் கணக்கை ஒட்டி வைத்த எண் இது. 2011 கணக்கெடுப்பில் பட்டியல் சாதியினர் 16.6 சதவீதம், பழங்குடியினர் 8.6 சதவீதம். மக்கள்தொகை நகர்ந்தாலும் ஒதுக்கீடு நகரவில்லை. ஆகவே '15ஐத் தாண்டிவிட்டது' என்று சொல்பவரிடம் எந்த ஆண்டின் 15 என்று கேளுங்கள்.

ஓபிசிக்கான 27 வேறு வகை. மண்டல் ஆணையம் பிற்படுத்தப்பட்டோரை மக்கள்தொகையில் 52 சதவீதம் என்று மதிப்பிட்டது. ஆனால் மொத்த ஒதுக்கீடு 50 சதவீதத்துக்குள் அடங்க வேண்டும் என்பதால், ஏற்கெனவே போய்விட்ட 22.5 போக மீதமிருந்த இடத்தில் 27 வைக்கப்பட்டது. அதை மக்கள்தொகைப் பங்கு என்று நினைத்துவிடக் கூடாது, அது சட்ட வரம்புக்குள் கிடைத்த இடம். 1992 நவம்பர் 16 அன்று இந்திரா சஹானி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை ஏற்றது, கூடவே 'கிரீமிலேயர்' எனப்படும் முன்னேறிய பிரிவினரை விலக்கச் சொன்னது. பொருளாதாரத்தில் நலிவடைந்த பிரிவினருக்கான 10 சதவீதம் 2019இல் 103ஆவது திருத்தத்தின் மூலம் வந்தது. அப்போது அந்த 50 சதவீத வரம்பையும் தாண்டியாயிற்று.

இந்த விகிதங்கள் அகில இந்திய அளவில் பொதுப்போட்டித் தேர்வு மூலம் நடக்கும் நேரடி நியமனத்துக்கு உரியவை. ஒரு மாநிலத்தில் உள்ளவர்கள் மட்டுமே பெரும்பாலும் விண்ணப்பிக்கும் கீழ்நிலை குரூப் 'சி' வேலைகளுக்கு அந்த மாநிலத்தின் மக்கள்தொகையை ஒட்டிய விகிதம் பொருந்தும். பதவி உயர்வில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் மட்டுமே ஒதுக்கீடு. ஓபிசிக்கும் நலிவடைந்த பிரிவினருக்கும் இல்லை. இது தெரியாமல், பதவி உயர்வால் மட்டுமே நிரப்பப்படும் ஒரு பிரிவைப் பார்த்து 'இங்கே ஓபிசி 27 இல்லையே' என்று கேட்டால் அலுவலகம் ஒரே வரியில் பதில் சொல்லி அனுப்பிவிடும்.

படி 4: குரூப் வாரியாக உடைத்துப் பாருங்கள்

மத்திய அரசுப் பணிகள் மேலிருந்து கீழாக குரூப் ஏ, பி, சி என்று மூன்றாகப் பிரிக்கப்பட்டுள்ளன. பழைய குரூப் 'டி' ஆறாவது ஊதியக் குழுவுக்குப் பிறகு 'சி'யில் கரைந்துவிட்டது. பிரதிநிதித்துவ அறிக்கைகளில் குரூப் 'சி'யைத் தூய்மைப் பணியாளர் நீங்கலாக என்றும், தூய்மைப் பணியாளர் என்றும் இரண்டாகப் பிரித்துக் காட்டும் வழக்கம் உண்டு. அந்தப் பிரிவினை ஏன் என்று யாரும் விளக்கத் தேவையில்லை. தலைமுறை தலைமுறையாகத் துப்புரவு வேலை எந்தச் சாதிகளின் தலையில் கட்டப்பட்டதோ, அரசு அலுவலகத்திலும் அவர்களே அந்த வேலையில் குவிந்திருக்கிறார்கள்.

மீண்டும் ஒரு கற்பனைக் கணக்கு. 1000 பேர் உள்ள ஒரு துறை. குரூப் 'ஏ' 100 பேரில் பட்டியல் சாதியினர் 11. 'பி' 200 பேரில் 28. 'சி' 600 பேரில் 90. தூய்மைப் பணியாளர் 100 பேரில் 50. மொத்தம் 179 பேர், அதாவது 17.9 சதவீதம். ஒதுக்கீட்டைத் தாண்டிய துறை என்று கைதட்டலாம். தூய்மைப் பணியாளரை நீக்கிப் பாருங்கள்: 900இல் 129, அதாவது 14.3. மேலே போகப்போக 15, 14, 11 என்று இறங்குகிறது. ஒரு துறையின் பணியாளர் விவரம் கைக்கு வந்தால் நான் முதலில் பார்ப்பது இந்தச் சரிவைத்தான். கையெழுத்துப் போடும் இடத்தில் யார் இல்லை என்பதை அது காட்டிவிடும்.

படி 5: ரோஸ்டரைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

நம்மூர் அலுவலகங்களில் இனச்சுழற்சிப் பதிவேடு என்பார்கள், மத்திய அரசில் ரோஸ்டர். எந்த வரிசை எண்ணில் வரும் பணியிடம் எந்தப் பிரிவுக்கு என்று காட்டும் பட்டியல் அது, அந்த வரிசை எண்ணைத்தான் 'புள்ளி' என்பார்கள். பலர் பயந்து ஒதுங்கும் பகுதி இது. உண்மையில் ஐந்தாம் வகுப்புக் கணக்குதான்.

100ஐ ஒதுக்கீட்டு விகிதத்தால் வகுங்கள். ஓபிசி: 100 ÷ 27 = 3.70. அதாவது மூன்றே முக்கால் இடத்துக்கு ஒன்று, எனவே முழுதாக ஒரு இடம் சேர்வது 4ஆவது புள்ளியில். பட்டியல் சாதியினர்: 100 ÷ 15 = 6.67, முதல் இடம் 7ஆவது புள்ளி. நலிவடைந்த பிரிவினர்: 10ஆவது புள்ளி. பழங்குடியினர்: 100 ÷ 7.5 = 13.33, முதல் இடம் 14ஆவது புள்ளி. இப்படியே 200 புள்ளிகள் வரை போகும்.

இப்போது ஒரு சிறிய அலுவலகத்தை நினைத்துப் பாருங்கள். ஒரு பிரிவில் மொத்தமே 6 பணியிடம். அதில் ஓபிசிக்கு 4ஆவது புள்ளி வருகிறது. பட்டியல் சாதிக்கும் பழங்குடிக்கும் இடமே வரவில்லை. 14க்குக் குறைவான பிரிவுகளுக்கு இதற்காகவே சுழற்சி முறை வைத்திருக்கிறார்கள். ஒருவர் ஓய்வு பெற்று இன்னொருவர் வரும்போது புள்ளி ஒவ்வொன்றாக முன்னே நகரும், 7ஆவது முறை பட்டியல் சாதியின் முறை வரும். காகிதத்தில் நியாயம்தான். ஆனால் 6 பேரும் முப்பது ஆண்டு வேலை பார்ப்பவர்களாக இருந்தால், 14ஆவது முறைக்காகப் பழங்குடியினர் எத்தனை காலம் காத்திருப்பது? ஒற்றைப் பணியிடத்துக்கு ஒதுக்கீடே பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 1998இல் சண்டிகர் மருத்துவக் கல்வி ஆராய்ச்சி நிறுவன வழக்கில் தீர்ப்பளித்தது.

அதனால்தான் 'எது ஓர் அலகு' என்ற கேள்வி உயிர் போகிற கேள்வியாகிறது. பல்கலைக்கழக ஆசிரியர் நியமனத்தில் இது வெளிப்படையாகவே நடந்தது. முழுப் பல்கலைக்கழகத்தையும் ஒரே அலகாக எடுத்து ரோஸ்டர் போட்டுக்கொண்டிருந்தார்கள். 2017இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் ஒவ்வொரு துறையையும் தனி அலகாக எடுக்கச் சொன்னது. மூன்று, நான்கு பேர் மட்டுமே உள்ள துறைகளில் ஒதுக்கீட்டுப் புள்ளிகள் வரவே வராது. நாடு முழுக்கப் போராட்டம் நடந்தது. கடைசியில் 2019இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றி நிறுவனத்தையே மீண்டும் அலகாக்கியது. விகிதத்தில் ஒரு புள்ளிகூட மாறவில்லை, அலகு மாறியதற்கே இவ்வளவு.

இன்றைய ரோஸ்டர் முறைக்கு அடிப்படை உச்ச நீதிமன்றத்தில் 1995இல் வந்த ஆர்.கே. சபர்வால் தீர்ப்பு. அதை ஒட்டி மத்திய பணியாளர் துறை 2.7.1997 தேதியிட்ட ஆணையில் காலியிடத்தை வைத்துக் கணக்கிடும் பழைய முறையைக் கைவிட்டு, பணியிடத்தை வைத்துக் கணக்கிடும் முறைக்கு மாறியது. மேலே சொன்ன சிறிய பிரிவுகள் தவிர மற்ற இடங்களில், ஒரு புள்ளியில் இருந்தவர் போனால் அதே பிரிவைச் சேர்ந்தவரே அந்த இடத்துக்கு வர வேண்டும். தகுதி மதிப்பெண்ணிலேயே, வயது, தேர்வு வாய்ப்பு போன்ற எந்தத் தளர்வும் பெறாமல் தேர்வான பட்டியல் சாதி, பழங்குடி, ஓபிசி தேர்வர்கள் பொது இடத்தில்தான் வைக்கப்பட வேண்டும், ஒதுக்கீட்டுக் கணக்கில் அவர்களைக் கழிக்கக் கூடாது. 'பொதுப் பிரிவு' என்று ஒரு சாதிப் பிரிவே கிடையாது, அது எல்லோருக்கும் திறந்த இடம். இதை எத்தனை முறை சொன்னாலும் போதாது.

ரோஸ்டரைப் பார்க்க நேர்ந்தால் ஒவ்வொரு பொதுப் புள்ளியிலும் யார் இருக்கிறார் என்று பாருங்கள். முதல் மதிப்பெண் வாங்கிய ஓபிசி தேர்வரை ஓபிசி புள்ளியில் உட்கார வைத்திருந்தால், ஒதுக்கீட்டில் வர வேண்டிய இன்னொருவர் வெளியே நிற்கிறார் என்று பொருள்.

படி 6: ஆண்டைக் கணக்கில் எடுங்கள்

ஓபிசி ஒதுக்கீட்டு ஆணை வந்தது 8.9.1993 அன்று. அதற்கு முன் பணியில் சேர்ந்த பிற்படுத்தப்பட்ட வகுப்பினர் அலுவலகக் கணக்கில் ஓபிசியாகப் பதிவாகவே இல்லை. கிரீமிலேயரில் வருபவர்களும் அப்படித்தான். 1993இல் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாயாக இருந்த வருமான வரம்பு 2017இலிருந்து எட்டு லட்சம். ஆகவே 21.57 என்ற எண் 'பிற்படுத்தப்பட்ட சமூகங்களில் பிறந்தவர்கள் இத்தனை பேர்' என்று சொல்லவில்லை, ஓபிசி சான்றிதழோடு வந்தவர்கள் இத்தனை பேர் என்று சொல்கிறது. பழைய ஊழியர்கள் ஓய்வு பெற்றுப் புதியவர்கள் வரும்போது இந்த எண் தானாகவே ஏறும். அந்த ஏற்றம் முழுவதையும் முன்னேற்றம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

உச்சிப் பதவிகளுக்கு இந்தக் காலக் கணக்கு இன்னும் முக்கியம். அமைச்சகச் செயலாளர் ஆக முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணி வேண்டும். ஓபிசி ஒதுக்கீட்டில் வந்த முதல் ஐஏஎஸ் அணியே தொண்ணூறுகளின் நடுவில்தான் சேர்ந்தது. சரி, அப்படியென்றால் இனி நிலைமை தானாகச் சரியாகிவிடுமா? முழுக்க ஆகாது. குடிமைப் பணித் தேர்வில் பொதுப் பிரிவுக்கு வயது வரம்பு 32, ஓபிசிக்கு 35, பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 37. வாய்ப்பு மறுக்கப்பட்ட குடும்பத்துப் பிள்ளைக்கு இந்தத் தளர்வு தேவை. ஆனால் 35 வயதில் சேர்பவருக்கு 60இல் ஓய்வு, 25 ஆண்டுதான் பணிக்காலம். 23 வயதில் சேர்ந்தவருக்கு 37 ஆண்டு. செயலாளர் நாற்காலி காலியாகும்போது முதலாமவர் வீட்டில் இருப்பார். உச்சியில் ஆள் குறைவு என்பதற்கு மனத்தடை, மதிப்பீட்டு அறிக்கை என்று பல காரணம் உண்டு. இந்த வயதுக் கணக்கை மட்டும் யாரும் மறுக்க முடியாது.

பக்கவாட்டு நியமனம் இந்த இடத்தில்தான் சர்ச்சையாகிறது. 2024 ஆகஸ்டில் 45 உயர் பதவிகளுக்கு வெளியிலிருந்து நேரடியாக ஆள் எடுக்க யுபிஎஸ்சி விளம்பரம் கொடுத்தது. ஒவ்வொன்றும் ஒற்றைப் பதவி என்பதால் ஒதுக்கீடு இல்லை என்பது வாதம். எதிர்ப்புக் கிளம்பியதும் சில நாட்களிலேயே விளம்பரம் திரும்பப் பெறப்பட்டது.

படி 7: ஒரே பிரிவுக்குள் யார் பெறுகிறார்கள்

ஓபிசிக்குள் துணைப் பிரிவு செய்வதற்காக 2017இல் நீதிபதி ரோகிணி தலைமையில் ஆணையம் அமைக்கப்பட்டது. ஐந்து ஆண்டுகளில் ஓபிசி ஒதுக்கீட்டில் கொடுக்கப்பட்ட 1.3 லட்சம் மத்திய அரசு வேலைகளையும் உயர்கல்விச் சேர்க்கைகளையும் அது ஆராய்ந்தது. 97 சதவீத வேலைகளும் இடங்களும் பட்டியலில் உள்ள சாதிகளில் கால்வாசிக்கும் குறைவானவற்றுக்கே போயிருந்தன. பத்து சமூகங்கள் மட்டும் 24.95 சதவீதத்தைப் பெற்றிருந்தன. 983 சமூகங்களுக்கு ஒன்றுகூட இல்லை. ஆணையம் 2023 ஜூலை இறுதியில் அறிக்கையைக் கொடுத்தது.

பட்டியல் சாதியினரை உள்வகைப்படுத்த மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு 1.8.2024 அன்று தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டில் அருந்ததியருக்கான உள்ஒதுக்கீடு 2009இலிருந்தே இருக்கிறது. மத்திய அரசின் கணக்கில் உள்வகை கிடையாது என்பதால், அங்கே அருந்ததியர் எத்தனை பேர், புதிரை வண்ணார் எத்தனை பேர் என்பது தெரியவே வராது.

படி 8: சாதிக் கணக்குக்கு வெளியே இருப்பவை

முதலில் பெண்கள். 2011இல் எடுத்த மத்திய அரசு ஊழியர் கணக்கெடுப்பில் 30.87 லட்சம் பேரில் பெண்கள் 3.37 லட்சம், 10.93 சதவீதம். பத்தில் ஒருவர்தான். தமிழ்நாட்டில் பள்ளி, மருத்துவமனை, அரசு அலுவலகம் எங்கும் பெண்களைப் பார்த்துப் பழகிய நமக்கு இது அதிர்ச்சியாக இருக்கும். ஆசிரியர், செவிலியர் போன்ற, பெண்கள் அதிகம் சேரும் வேலைகள் பெரும்பாலும் மாநில அரசுகளிடம் உள்ளன. மத்திய அரசிடம் இருப்பது தண்டவாளமும் எல்லைப் படையும். ஆனால் அதை மட்டும் சொல்லித் தப்ப முடியாது. மத்திய அரசுப் பணிகளில் பெண்களுக்குப் பொதுவான ஒதுக்கீடு இல்லை. 2016இல்தான் துணை ராணுவப் படைகளான சிஆர்பிஎஃப், சிஐஎஸ்எஃப் காவலர் நிலையில் 33 சதவீதமும், எல்லைக் காவல் படைகளில் 14, 15 சதவீதமும் பெண்களுக்கு என்று முடிவெடுத்தார்கள். வெளியுறவுப் பணியில் ஒரு பெண் திருமணம் செய்ய அரசின் அனுமதி பெற வேண்டும் என்ற விதி இருந்தது. அதை எதிர்த்து வழக்குப் போட்டவர் சி.பி. முத்தம்மா, 1979இல் உச்ச நீதிமன்றம் அந்த விதியைக் கடுமையாகக் கண்டித்தது. விதி போய்விட்டது. ஆனாலும் பெண்கள் விவரத்தைப் பார்க்கும்போது எத்தனை பேர் என்பதோடு எந்தப் பதவியில், எந்த ஊரில், எத்தனை ஆண்டில் பதவி உயர்வு என்றும் பாருங்கள்.

மாற்றுத்திறனாளிகளுக்கு 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி 4 சதவீதம். பார்வை, செவித்திறன், உடல் இயக்கம் ஆகிய மூன்று வகைக்கும் ஒவ்வொரு சதவீதம், ஆட்டிசம், அறிவுத்திறன் குறைபாடு, பல்வகைக் குறைபாடு போன்றவை சேர்ந்த நான்காவது வகைக்கு ஒரு சதவீதம். 1995 சட்டத்தில் இது 3 சதவீதமாக இருந்தது. இது கிடைமட்ட ஒதுக்கீடு. அதாவது தேர்வான மாற்றுத்திறனாளி எந்தச் சமூகத்தைச் சேர்ந்தவரோ அந்தப் பிரிவின் இடத்தில் வைக்கப்படுவார். ஆகவே இந்த 4ஐச் சாதி ஒதுக்கீட்டோடு கூட்டக் கூடாது. விவரம் கேட்கும்போது நான்கு வகையையும் தனித்தனியே கேளுங்கள். மொத்தமாகக் கேட்டால் உடல் இயக்கக் குறைபாடு உள்ளவர்களை வைத்தே எண்ணிக்கையைக் காட்டிவிட முடியும், நான்காவது வகை வெறுமையாகக் கிடப்பது வெளியே வராது.

மதச் சிறுபான்மையினர் பற்றிய தெளிவான படம் 2006இல் வந்த சச்சார் குழு அறிக்கையில் கிடைக்கிறது. அப்போது முஸ்லிம்கள் ஐஏஎஸ்ஸில் 3 சதவீதம், வெளியுறவுப் பணியில் 1.8, ஐபிஎஸ்ஸில் 4, ரயில்வேயில் 4.5. 2001 மக்கள்தொகையில் அவர்கள் 13.4 சதவீதம். இவ்வளவு விரிவாக மறுபடி யாரும் அலசாதது பெரும் குறை.

மொழி, வட்டாரம் பற்றி வழக்கமான பிரதிநிதித்துவ அறிக்கையில் எதுவும் இருக்காது. அதற்குத் தேர்வு எந்த மொழியில் நடக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். துணை ராணுவக் காவலர் தேர்வை இந்தி, ஆங்கிலம் தவிர தமிழ் உட்பட 13 மொழிகளிலும் நடத்துவது என்று 2023இல் முடிவானது. அதுவரை தஞ்சாவூர்ப் பையன் இந்தியிலோ ஆங்கிலத்திலோதான் எழுத வேண்டியிருந்தது. வினாத்தாளின் மொழி மாறிய ஆண்டுக்கு முன்னும் பின்னும் உள்ள தேர்ச்சிப் பட்டியலை ஒப்பிட்டாலே நல்ல ஆய்வு கிடைக்கும்.

படி 9: நீங்களே விவரம் வாங்குங்கள்

ஒவ்வோர் அமைச்சகமும் ஜனவரி 1 நிலவரப்படி பிரதிநிதித்துவ அறிக்கை தயாரிக்க வேண்டும். ஒதுக்கீடு சரியாக நடக்கிறதா என்று பார்க்கத் தொடர்பு அலுவலர் ஒருவர் இருப்பார், ரோஸ்டரை ஆண்டுதோறும் ஆய்வு செய்வது அவர் கடமை. ஆக, நீங்கள் கேட்பது அவர்களிடம் ஏற்கெனவே இருக்க வேண்டிய ஆவணம். புதிதாகத் தயாரித்துத் தரச் சொல்லவில்லை. இந்த நிலைப்பாட்டில் உறுதியாக இருங்கள்.

தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மனுவுக்கு 10 ரூபாய் கட்டணம், வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு இலவசம். மத்திய அரசுக்கான இணையதளத்திலேயே போடலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதன் பிறகு 90 நாளுக்குள் மத்திய தகவல் ஆணையத்தில் இரண்டாவது மேல்முறையீடு.

மனுவை இப்படி எழுதலாம் (கேடர் என்பது தனி அலகாகக் கணக்கிடப்படும் பணிப்பிரிவு):

"தங்கள் அலுவலகத்தின் கீழ் உள்ள ஒவ்வொரு கேடரிலும் 1 ஜனவரி நிலவரப்படி (அ) அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள், (ஆ) பணியில் உள்ளோர், (இ) அவர்களில் பட்டியல் சாதி, பழங்குடி, ஓபிசி, நலிவடைந்த பிரிவினர், இதரர் எண்ணிக்கை, ஒவ்வொன்றிலும் பெண்கள் எண்ணிக்கை, (ஈ) நான்கு வகை மாற்றுத்திறனாளிகளின் எண்ணிக்கை தனித்தனியே, (உ) பிரிவு வாரியாகப் பின்னடைவுப் பணியிடங்கள், அவை எந்த ஆண்டு முதல் நிலுவையில் உள்ளன, (ஊ) ரோஸ்டர் பதிவேட்டின் நகல், பெயர்களை மறைத்து, (எ) தொடர்பு அலுவலர் கடைசியாக ரோஸ்டரை ஆய்வு செய்த தேதியும் ஆய்வறிக்கையின் நகலும், (ஏ) வெளிமுகமை மூலம் பணியில் உள்ளோர் எண்ணிக்கை, பணி வகை வாரியாக."

பெயர் கேட்காதீர்கள், தனிநபர் விவரம் என்று மறுத்துவிடுவார்கள். 'கேடர் வாரியாக' என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். பதவி உயர்வு ஒதுக்கீட்டுக்கான தரவைக் கேடர் அளவில்தான் திரட்ட வேண்டும், ஒட்டுமொத்தப் பணியையும் சேர்த்துப் பார்க்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் ஜர்னைல் சிங் வழக்கில் 28.1.2022 அன்று சொல்லியிருக்கிறது. மனுவிலேயே இந்தத் தீர்ப்பைக் குறிப்பிடுங்கள். 'ஏன்' என்று தொடங்கும் கேள்விகளையும் தவிருங்கள். ஆவணம் கேட்டால் தந்தாக வேண்டும், விளக்கம் கேட்டால் தட்டிக் கழிக்க வழி இருக்கிறது.

பதில் வந்ததும் முதலில் (எ)வைப் பாருங்கள். ஆய்வு நடந்த தேதி இல்லை என்றால், மற்ற எண்கள் எவ்வளவு அழகாக இருந்தாலும் அவற்றை யாரும் சரிபார்க்கவில்லை என்று பொருள். அடுத்து (அ)விலிருந்து (ஆ)வைக் கழித்து வரும் காலியிடத்தையும் (உ)வில் உள்ள பின்னடைவு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். காலியிடம் நிறைய இருந்து, ஒதுக்கீட்டுப் பிரிவினர் எண்ணிக்கையும் விகிதத்துக்குக் கீழே இருந்து, பின்னடைவு 'இல்லை' என்று எழுதியிருந்தால் கணக்கு எங்கோ உதைக்கிறது. அந்த ஒரு முரணைச் சுட்டி முதல் மேல்முறையீட்டை எழுதுங்கள். நகலைத் தேசிய பட்டியல் சாதியினர் ஆணையம், தேசிய பழங்குடியினர் ஆணையம், தேசிய பிற்படுத்தப்பட்டோர் ஆணையம் ஆகியவற்றில் எது பொருந்துமோ அதற்கு அனுப்புங்கள். மாற்றுத்திறனாளிகள் இடம் என்றால் மாற்றுத்திறனாளிகளுக்கான தலைமை ஆணையருக்கு அனுப்ப வேண்டும்.